ஹவில்தார் பதவி உயர்வு தேதி ஐந்து மாதம் தள்ளிப் பதிவாகிவிட்டது – டிஸ்சார்ஜ் ஆன பிறகு திருத்த முடியுமா?

ஹவில்தார் 98

எல்லோருக்கும் ஜெய்ஹிந்த். 1998 ஜனவரியில் பட்டாளத்தில் சேர்ந்தேன். 26 வருடம் முடிந்து 31.01.2024 அன்று ஹவில்தாராக வெளியே வந்தேன். என் கோர் (படைப்பிரிவு) பெயரையும், எங்கள் சர்வீஸ் பதிவுகளைப் பார்க்கும் ரெக்கார்ட் ஆபீஸ் பெயரையும் இங்கே எழுதவில்லை. அந்தக் கோரின் சோற்றைத்தான் 26 வருடம் தின்றேன், அதை நாலு பேர் முன்னால் குறை சொல்ல மனம் வரவில்லை. எனக்குச் சரியாக வேண்டியது ஒரே ஒரு தேதி.

2010 அக்டோபரில் என்னைத் தாய் யூனிட்டிலிருந்து ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு (தீவிரவாத எதிர்ப்புப் படை) அனுப்பினார்கள், காஷ்மீரில் குப்வாரா பக்கம். நான் அங்கே இருக்கும்போது 2011 ஜூனில் ரெக்கார்ட் ஆபீஸ் ஹவில்தார் பிரமோஷன் ஆர்டர் போட்டது. 01.07.2011 முதல் அமல். ஒரே ஆர்டரில் என்னோடு சேர்த்து 11 பேர். மற்ற பத்துப் பேரும் ஜூலை முதல் தேதியே ஹவில்தாருக்கான மூன்றாவது பட்டையைத் தைத்துக்கொண்டார்கள். என் நகல் மட்டும் தாய் யூனிட் அலுவலகத்துக்குப் போய் அங்கேயே கிடந்திருக்கிறது. என் கைக்கு வந்தது நவம்பர் கடைசியில். 01.12.2011 அன்று பட்டை போட்டேன். யூனிட் போடும் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவிலும் அந்தத் தேதியே ஏறியது.

அப்போது ஐந்து மாதச் சம்பள வித்தியாசம் என்றுதான் நினைத்தேன். 2023-ல்தான் அதன் கனம் தெரிந்தது. அடுத்த பதவியான நாயிப் சுபேதாருக்கான டி.பி.சி.யில் (பதவி உயர்வுக் குழு) நான் பாஸ். ஏ.சி.ஆர். (வருடாந்திர மதிப்பீடு), மெடிக்கல், கேடர் (பதவி உயர்வுப் பயிற்சி) எதிலும் குறை இல்லை. ஆனால் லிஸ்டில் அந்தப் பத்துப் பேருக்கும் கீழே, இடையில் ஹவில்தார் ஆன இன்னும் ஆறு பேருக்கும் கீழே என் பெயர். 2023 அக்டோபர் காலியிடம் அந்த ஆறு பேரில் ஒருவருக்குப் போனது. என் முறை வந்தது 2024 ஏப்ரலில். நான் ஜனவரியிலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஹவில்தாருக்கு 24 வருடமும் நீட்டிப்பு 2 வருடமும்தானே. நாயிப் சுபேதார் ஆகியிருந்தால் 28 வருடம் வரை இருந்திருப்பேன்.

2024 ஜூனில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘பார்ட் டூ ஆர்டரில் உள்ள தேதியே சரியானது, உரிய காலத்தில் ஆட்சேபிக்கவில்லை, எனவே பரிசீலிக்க இயலாது.’ அந்தக் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இன்னொரு மனு எழுதி இந்த முறை டெல்லிக்கே அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பேனா சுபேதார்

தம்பி, வணக்கம். நான் கிளார்க் டிரேடில் சுபேதாராக ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பாதிக்கு மேல் ஒரு ரெக்கார்ட் ஆபீஸின் மேஜையில்தான் போனது. உங்கள் விஷயம் எனக்குப் புதிதில்லை. இப்படிக் கிடந்த காகிதங்களை நானே என் கையால் பிரித்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. டெல்லிக்கு இன்னொரு மனு எழுதாதீர்கள். உங்களுக்கு வந்தது முடிவான பதில். ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007-ன் 22-வது பிரிவின்படி, முடிவான உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். மூன்று மாதம் போய்விட்டது, மீதி மூன்றுதான். இரண்டாவது மனு, மூன்றாவது மனு என்று எழுதினால் கெடு நீளும் என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். நீளாது. பழைய உரிமைக்குத் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து உயிர் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சி.ஜேக்கப் வழக்கில் சொல்லிவிட்டது.

அடுத்தது காகிதம். பார்ட் டூ ஆர்டர் ஒரு பதிவுதான், உங்கள் உரிமை பிறந்த இடம் அது இல்லை. உரிமை பிறந்தது ரெக்கார்ட் ஆபீஸ் போட்ட பிரமோஷன் ஆர்டரில். அந்த ஆர்டர் ‘01.07.2011 முதல்’ என்கிறது. யூனிட் அந்த நாளில் பட்டை போட வைக்கவில்லை, போட்ட நாளைப் பதிவு செய்தது, அவ்வளவுதான். ஆகவே உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்த மூல ஆர்டரின் சான்றிட்ட நகல். அது இல்லாமல் நீங்கள் எழுதும் எதுவும் வெறும் வருத்தம்தான், வழக்கு ஆகாது.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘எனக்கு ஏன் தாமதமாகக் கொடுத்தீர்கள்’ என்று கேட்டால், அது தகவல் இல்லை, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘ஏன்’ என்ற சொல்லே மனுவில் வரக்கூடாது. ஆவணத்தைக் கேளுங்கள்: 2011 ஜூனில் போட்ட பிரமோஷன் ஆர்டரின் நகல், அது எந்தெந்த யூனிட்டுக்கு எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது என்ற டிஸ்பேட்ச் பதிவு, உங்கள் ஷீட் ரோலில் (சர்வீஸ் பதிவேடு) பிரமோஷன் பக்கம், 2023 டி.பி.சி.க்கு வைத்த சீனியாரிட்டி ரோஸ்டரில் உங்கள் பெயரும் மேலே இருப்பவர்களின் ஹவில்தார் தேதியும் உள்ள பக்கம். மற்றவர்களின் ஏ.சி.ஆர். கேட்காதீர்கள், அது மூன்றாம் நபர் தகவல் என்று நிறுத்திவிடுவார்கள். அந்தச் சாக்கில் மற்றதும் நிற்கும். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் உடனே முதல் மேல்முறையீடு.

இப்போது நான் கேட்பதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். ஜூலைக்கும் டிசம்பருக்கும் நடுவில் நீங்கள் லோ மெடிக்கல் கேட்டகரியில் (உடல்தகுதி குறைந்த நிலை) இருந்தீர்களா? ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா? சிவப்பு மசி என்ட்ரி (தண்டனைப் பதிவு) ஏதாவது? அதில் ஒன்று இருந்தாலும் எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும். அப்புறம், 2011, 2012-ல் வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் ஏதாவது கேட்டீர்களா?

திருச்சி வக்கீல்

சுபேதார் சார் சொன்னதில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. சட்டப் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன். கேட்க இனிக்காது, ஆனாலும் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த மாதிரி வழக்குகளில் நீதிபதிகள் முதலில் கையில் எடுப்பது 2008-ல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பு. அவர் 1983-ல் உடல்நிலை காரணமாக ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர். ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டு நீதிமன்றம் போனது 1999-ல், பதினாறு வருடம் கழித்து. உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயத்தைப் பிரித்தது. ஓய்வூதியம் குறைவாக வருவது மாதா மாதம் புதிதாகப் பிறக்கும் தவறு. அதைத் தாமதமாகக் கேட்டாலும் கொடுக்கலாம், ஆனால் நிலுவை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். ஆனால் சீனியாரிட்டி, பதவி உயர்வு போல மற்றவர்களின் நிலையைக் கலைக்கும் கோரிக்கை என்றால் தாமதம் அதைக் கொன்றுவிடும்.

உங்கள் கோரிக்கையின் ஒரு கால் முதல் வகையிலும் இன்னொரு கால் இரண்டாவது வகையிலும் நிற்கிறது. அதனால் மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அந்த ஆறு பேரைக் கீழே இறக்கு’ என்று கேட்டால் அவர்கள் அனைவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும், பதிமூன்று வருடத் தாமதமும் உங்கள் முன்னால் நிற்கும். ‘யாரையும் கலைக்க வேண்டாம், என் ஹவில்தார் தேதியை மூல ஆர்டர்படி 01.07.2011 என்று திருத்துங்கள். அதன்படி 2023 அக்டோபரிலிருந்து எனக்கு நாயிப் சுபேதார் பதவியைக் கணக்களவில் கொடுத்து ஓய்வூதியத்தைத் திருத்துங்கள்’ என்று கேட்டால், யார் நாற்காலியும் ஆடாது. டி.பி.சி.யில் ஏற்கெனவே பாஸ் ஆகியிருக்கிறீர்கள், தகுதியைப் பற்றி யாரும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதும் இல்லை. என் கருத்தில் உங்கள் வழக்கின் பெரிய பலம் அதுதான். உங்களுக்கு உண்மையான இழப்பு தெரிந்தது 2023-ல் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். தாமதத்தை மன்னிக்கத் தனி மனு ஒன்றும் சேர்ந்தே போக வேண்டும், தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரம் உண்டு.

வேலை செய்யாத இரண்டு வருடத்துக்கு முழுச் சம்பளம் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். வேலை செய்யத் தயாராக இருந்தவரை நிர்வாகமே தடுத்திருந்தால் ‘வேலை இல்லை, சம்பளம் இல்லை’ என்ற விதி அப்படியே பொருந்தாது என்று 1991-ல் ஜானகிராமன் வழக்கில் சொல்லப்பட்டது உண்மைதான், கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு முதன்மைக் கோரிக்கையை விட்டுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் குடியிருப்பவர் என்பதால் சென்னைக் கிளையிலேயே போடலாம். ஓய்வு பெற்றவர் தான் வசிக்கும் இடத்துக்கு உரிய கிளையில் போட விதி இடம் தருகிறது. வக்கீல் வைக்காமல் நீங்களே நின்று வாதாடவும் 23-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் இந்த வழக்கில் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

விமானப்படை வீட்டம்மா

அண்ணா, என் கணவருக்கும் தேதிப் பிரச்சனை இருந்தது, ஆனால் அது வேறு வகை. சர்வீஸ் பதிவில் சார்ஜென்ட் ஆன தேதி சரி, பி.பி.ஓ.வில் (ஓய்வூதிய உத்தரவு) மட்டும் வருடத்தைத் தப்பாக அடித்துவிட்டார்கள். அவர் இறந்த பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குத் தீர்ப்பாயம் தேவைப்படவில்லை. ரெக்கார்ட் ஆபீஸ் எழுதி, திருத்திய பி.பி.ஓ. வந்தது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவை அவர்களே எழுதித் தந்தார்கள், காசு வாங்கவில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் முதலில் டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ.வையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே பாருங்கள், எங்களை அலைய விடாதீர்கள்.

ஹவில்தார் 98

மூவருக்கும் நன்றி. ராத்திரி இரண்டு தடவை படித்தேன்.

சுபேதார் சாப் கேட்டதற்குப் பதில். சிவப்பு மசி என்ட்ரி 26 வருடத்தில் ஒன்றும் கிடையாது. 2011 ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்து 12 நாள் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருந்தேன். மெடிக்கல் போர்டு எதுவும் நடக்கவில்லை, கேட்டகரி இறங்கவில்லை. திரும்பி வந்து நேராக டியூட்டி. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

எழுத்தில் கேட்டேனா என்று கேட்டீர்கள். கேட்ட ஞாபகம் இருக்கிறது. 2012 தொடக்கத்தில் லீவுக்கு முன்னால் ஒரு அப்ளிகேஷன் எழுதிக் கம்பெனி ஆபீஸில் கொடுத்தேன். ‘யூனிட் திரும்பிப் போனதும் சரி செய்துகொள்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். யூனிட் திரும்பியபோது கேட்டேன், ‘எல்லாம் ரெக்கார்ட் ஆபீஸ் வேலை’ என்றார்கள். அப்புறம் அடுத்த போஸ்டிங், பிள்ளைகளின் ஸ்கூல், அம்மாவின் ஆப்பரேஷன் என்று விட்டுவிட்டேன். அந்த அப்ளிகேஷன் நகல் இருக்கிறதா என்று தெரியவில்லை.

வக்கீல் சார், பணத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஹவில்தார் லெவல் 5-ல் 29,200, நாயிப் சுபேதார் லெவல் 6-ல் 35,400 என்று ஆரம்பச் சம்பளத்தைப் பார்த்து ஊரில் பலர் ‘உனக்கு ஆறாயிரம் போச்சு’ என்கிறார்கள். ஆனால் ஹவில்தாராக எட்டு வருடம் முடித்து எம்.ஏ.சி.பி. (பதவி உயராமலே கிடைக்கும் சம்பள நிலை உயர்வு) வாங்கியவன் நான், கடைசியில் சம்பளம் லெவல் 6-ல்தான் இருந்தது. ஓய்வூதியமும் அதன் மேல்தான் போட்டிருக்கிறார்கள். ஆகப் பணத்தில் பெரிய வித்தியாசம் வராது என்பது எனக்கே தெரியும். என் மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது நான் வெளியே வந்தேன். இன்னும் இரண்டு வருடம் இருந்திருந்தால் அவள் கல்லூரியில் கால் வைக்கும்வரை சம்பளம் வந்திருக்கும். அது போனது போனதுதான். ஆனால் ஜே.சி.ஓ. (நாயிப் சுபேதார் முதலான இளநிலை அதிகாரி) ஆவது என்பது பட்டாளத்தில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அதற்கு நான் தகுதியானவன் என்று டி.பி.சி.யே சொல்லிவிட்டது. யாரோ ஒருவரின் மேஜையில் ஒரு காகிதம் ஐந்து மாதம் கிடந்ததால் அது எனக்கு இல்லை என்றால், அதை என்னால் விழுங்க முடியவில்லை.

பேனா சுபேதார்

தம்பி, எம்.ஏ.சி.பி.யை நீங்களாகச் சொன்னது நல்லது. மனுவிலும் சொல்லுங்கள். எதிர்த் தரப்பு எடுத்துக் காட்டுவதற்கு முன் நாமே சொன்னால் நம் பேச்சுக்கு மதிப்பு கூடும். ஓரோப் (ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்) அட்டவணை பதவியை வைத்துப் போடுவது என்பதால் அங்கே வித்தியாசம் வரும். 01.07.2024 அட்டவணையில் நாயிப் சுபேதார் வரிசையில் உங்கள் குரூப்புக்கும் சர்வீஸுக்கும் எதிரே உள்ள தொகையைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் ஸ்லிப்பும் கட்டாயம் வேண்டும். அது உங்களுக்கு எதிரானது என்று நினைக்காதீர்கள். ஆகஸ்டில் 12 நாள்தான், போர்டு இல்லை என்றால், ஜூலையில் பட்டை போடத் தடை எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

அப்புறம் 2011 கடைசிச் சம்பளச் சீட்டுகளைத் தேடுங்கள். பே அலுவலகம் சில சமயம் பிரமோஷன் ஆர்டரைத் தனியாக வாங்கிச் சம்பளத்தை முன்தேதியிட்டுப் போட்டிருக்கும். அப்படி ஒரு அரியர் (நிலுவை) பதிவு இருந்தால், அரசே ஜூலைத் தேதியை ஒருமுறை ஒப்புக்கொண்டது ஆகிவிடும். இதை யாரும் தேடுவதில்லை. என் மேஜைக்கு வந்தவர்களில் இருவருக்கு இதுதான் கை கொடுத்தது.

2012 நகலை எப்படியாவது தேடுங்கள். கறுப்பு டிரங்குப் பெட்டியை அடிவரை கவிழ்த்துப் பாருங்கள்.

ஹவில்தார் 98

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஆர்.டி.ஐ. பதில் 27-வது நாளில் வந்தது. பிரமோஷன் ஆர்டரின் நகல் கொடுத்துவிட்டார்கள். பதினோரு பெயர், என்னுடையது நாலாவது, எதிரே 01.07.2011. ஷீட் ரோல் பக்கத்தில் 01.12.2011 இருக்கிறது. ரோஸ்டர் பக்கத்தில் மற்றவர்களின் பெயரைக் கறுப்பால் மறைத்துத் தேதியை மட்டும் விட்டிருக்கிறார்கள், அது போதும் என்று வக்கீல் சொன்னார். டிஸ்பேட்ச் பதிவு மட்டும் ‘கிடைக்கவில்லை’ என்று பதில். அதற்கு முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். அது வரும்வரை காத்திருக்கவில்லை.

சம்பளச் சீட்டு 2012 ஜனவரி ஒன்று கிடைத்தது. அரியர் பதிவு இல்லை. சாப், அந்த வழி எனக்கு அடைத்துவிட்டது.

டிரங்குப் பெட்டியை வெளித் திண்ணைக்கு இழுத்து வந்து கவிழ்த்தேன். மனைவியும் மகளும் கூட உட்கார்ந்து தேடினார்கள். பழைய லீவ் சர்ட்டிபிகேட், கேன்டீன் கார்டு, ரயில் வாரன்ட் அடிக்கட்டை, அம்மா எழுதிய இன்லேண்ட் கடிதங்கள். 2012-ன் நகல் ஒரு ஹிந்திப் பாடப் புத்தகத்துக்கு நடுவில் இருந்தது, மூன்றாம் வகுப்பு எஜுகேஷன் சர்ட்டிபிகேட் பரீட்சைக்குப் படித்த புத்தகம். என் கையெழுத்தில் ஹிந்தியில் ஒன்பது வரி. தேதி 14.02.2012. கீழே மூலையில் நீல மையில் வட்ட முத்திரையும், உள்ளே டைரி எண்ணும் யாரோ ஒருவரின் சுருக்கக் கையெழுத்தும்.

மகள்தான் முதலில் பார்த்தாள். ‘உரிய காலத்தில் ஆட்சேபிக்கவில்லை’ என்று எனக்கு வந்த கடிதத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வக்கீலுக்கு அவளே அனுப்பினாள். போன வியாழக்கிழமை சென்னைக் கிளையில் மனு தாக்கல் ஆகிவிட்டது. ஆறு மாதக் கெடு முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. முதல் விசாரணைத் தேதி தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.